முதுகில் ஆறு வட்டங்கள்

டொரண்டோ
9-2-1975

அன்புள்ள அக்கா,

நானும் இவரும் சுகம். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படியிருக்கிறது? அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா? பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் போன வாரம்தான் வந்து சேர்ந்தது. பதினான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே நாலு நாளாகப் பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஒரு சம்பவம். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நிறையப் பேர் இப்படித் தப்பி வருகிறார்கள். ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவார்கள். அப்பா ராமிரோ, அம்மா எல்பா, மூன்றரை வயதுப் பெண் ரோசியோ. குழந்தைக்கு நிமோனியா. சட்டையைக் கழற்றினால் முதுகில் கருஞ்சிவப்பாக ஆறு வட்டங்கள். பெற்றவர்களே சூடு வைத்துக் கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் குறிப்பேட்டில் எழுதிவிட்டாள். டாக்டரும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் குழந்தைப் பாதுகாப்புக்காரர்கள் காகிதத்தோடு வந்தார்கள். குழந்தை இனி அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கும் என்றார்கள். ராமிரோவுக்கு அதில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் காவலர்கள் இரண்டு பேர் சீருடையில் கட்டிலுக்கு இருபுறமும் வந்து நின்றதைப் பார்த்தான். அவனை ஊரில் ராணுவத்தார் ஏழு வாரம் அடைத்து வைத்திருந்தார்களாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

ஒரு காவலன் குழந்தையைத் தூக்கக் குனிந்ததும், ராமிரோ சலைன் கம்பத்தைப் பிடுங்கி அவன் வாயில் அடித்தான். பற்கள் தரையில் தெறித்தன. இரண்டாவது காவலன் தடியால் இவன் காதின்மேல் போட்டான். விழுந்தவனை விடவில்லை, அக்கா. வாய் கிழிந்தவனும் எழுந்து வந்து உதைத்தான். பின்கழுத்தைப் பிடித்து முகத்தை இரும்புக் கட்டிலின் விளிம்பில் மோதினார்கள். மூன்று தரம். எண்ணினேன். குழந்தை அந்தக் கட்டிலுக்கு மேலேதான் நின்றது. அது அழவில்லை, மூத்திரம் போய்விட்டது. எல்பா எல்லோர் காலையும் மாறி மாறிப் பிடித்தாள்.

என் வெள்ளை ஷூவில் படிந்த ரத்தம் போகவே இல்லை. புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் வசு


திண்டுக்கல்
26-2-75

அன்புத் தங்கை வசுமதிக்கு அக்கா சியாமளாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் நலம். அத்தானின் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, ஜிலேபியும் அப்படியேதான் தொடர்கிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. இந்த முனிசிபாலிட்டி மகப்பேறு நிலையத்தில் பதினாறு வருஷமாக ஹெல்த் விசிட்டராக இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். ஆறு வட்டமும் ஒரே அளவா? கொப்புளம் இருந்ததா, தோல் உரிந்திருந்ததா? சூடு என்றால் தோல் போய்விடும். தோல் முழுசாக இருந்து உள்ளே ரத்தம் மட்டும் கட்டியிருந்தால் அது உறிஞ்சிய தடம். அம்மாவுக்கு வயிற்று வலி வந்தால் என்ன செய்வாள்? தொப்புள்மேல் திரியைக் கொளுத்தி வைத்துச் சொம்பைக் கவிழ்ப்பாளே. சொம்பை எடுத்தபின் இரண்டு நாளைக்கு அந்த வட்டம் இருக்குமே. அதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது நீதான். நாலு வயசிருக்கும் உனக்கு.

அந்த வெள்ளைக்கார நர்ஸுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். நீ அங்கே இருந்தாயே, நீ சொல்லவில்லையா?

பனியில் பார்த்து நட.

சியாமளா


டொரண்டோ
18-3-1975

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். பனி உருக ஆரம்பித்துவிட்டது. தெருவெல்லாம் கறுப்புச் சகதி. இவருக்கு அலுவலகத்தில் பாலம் ஒன்றின் வரைபட வேலை வந்திருக்கிறது, ஓய்வே இல்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ராமிரோவுக்கு வலது கண் போய்விட்டது. காவலனைத் தாக்கியதற்காகச் சிறையில் வைத்திருக்கிறார்கள். குழந்தையை நகருக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் ஒரு வீட்டில் வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள். எல்பாவுக்கு வாரம் ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி. இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாளாம்.

அன்றைக்கு மொழிபெயர்க்க ஸ்பானிஷ் தெரிந்தவர் யாரும் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. தரை துடைக்கிற மனுவேலைக் கூப்பிட்டார்கள். அவர் போர்த்துகீசியர். ஸ்பானிஷ் பாதி புரியும், பாதியை ஊகிப்பார். அதிலும் தவறு நடந்திருக்கலாம்.

எல்பா எங்கள் கட்டடத்திலேயே ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. நான் லிஃப்டில் போவதை விட்டுவிட்டேன். பதினாலு மாடியும் படியேறுகிறேன். உடம்புக்கு நல்லதுதானே.

வேறு விசேஷமில்லை.

வசு


திண்டுக்கல்
5-4-75

அன்புள்ள வசு,

நலம், நலமறிய ஆவல். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

நான் கேட்ட கேள்வி ஒன்று. நீ பதில் எழுதியது வேறு. போகட்டும். நான் ஒன்று சொல்கிறேன்.

போன மாதம் பேகம்பூரிலிருந்து இருபது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தாள். மாந்தம் என்று வயிற்றில் வளையலைக் காய்ச்சி இழுத்திருந்தார்கள். அது நிஜமான சூடு. சீழ் கோத்து, உடம்பெல்லாம் விஷம் ஏறிவிட்டது. என் மடியில்தான் மூச்சு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தேன், வசு. ஒரு அடி இல்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் தடுக்கவே இல்லை. "இன்னும் அடிங்கம்மா"ன்னாள். வெளியே வராந்தாவில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட அதன்பிறகு எங்கள் நிலையத்துக்கு வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நேரே மந்திரிக்கப் போகிறார்கள்.

இதை அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

சியாமளா


டொரண்டோ
11-5-1975

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். நீயா என்றிருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா?

ரோசியோ திரும்ப எங்கள் வார்டுக்கு வந்தாள். அந்த மார்க்கம் வீட்டில் சாப்பிட மறுத்து, ஊட்ட வந்த அம்மாளின் விரலை எலும்பு வரைக்கும் கடித்துவிட்டாளாம். நாக்கு வறண்டு, கண் உள்ளே போய் வந்தாள். மூக்கில் குழாய் போட்டார்கள். பிடுங்கினாள். அதனால் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியில் துணி நாடாவால் கட்டினார்கள். உத்தரவு ஹெட் நர்ஸுடையது. கட்டியது நானும் இன்னொருத்தியும்.

அன்றைக்குப் பார்த்து எல்பா வந்தாள். வெளிக் கண்ணாடி வழியே குழந்தையின் கட்டிய கைகளைப் பார்த்தாள். கத்தவில்லை. இரண்டு முஷ்டியாலும் கண்ணாடியைக் குத்தினாள். முதல் குத்தில் விரிசல், இரண்டாவதில் முழங்கை வரை உள்ளே போய்விட்டது. கையை வெளியே இழுத்தபோது சதை தோல் உரித்த பழம் மாதிரி தொங்கியது. பத்தொன்பது தையல். தைக்கும்போது நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

இனி அவள் ஆஸ்பத்திரிக்குள் வரக்கூடாதென்றும், வாரம் ஒரு மணி நேரச் சந்திப்பும் ரத்து என்றும் உத்தரவு.

நான் முடிக்கிறேன். அத்தானுக்கு வணக்கம்.

வசு


திண்டுக்கல்
24-5-75

வசு,

இங்கே நலம்.

முதல் கடிதத்தில் "ஒரு நர்ஸ்" என்று எழுதினாய். அவள் பெயர் என்ன?

சியாமளா


டொரண்டோ
20-7-1975

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு ராஜசேகரனின் வணக்கம்.

தாங்களும் அண்ணனும் நலமா? இரண்டு மாதமாக வசுவிடமிருந்து கடிதம் இல்லை என்று கவலைப்படுவீர்கள். கவலைப்பட ஒன்றுமில்லை. கீழ்த்தளத்துச் சலவை அறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கையில் மூன்று விரல் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அதனால்தான் நான் எழுதுகிறேன். வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு சர்ச்சில் இலவசமாக ஸ்பானிஷ் சொல்லித் தருகிறார்கள், அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

தங்கள் கேள்விக்குச் சீக்கிரம் எழுதுவதாகச் சொல்லச் சொன்னாள். என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் ராஜசேகரன்


திண்டுக்கல்
4-8-75

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் வசுவுக்கும் ஆசிகள்.

விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு முறியும். மூன்று விரல் மட்டும் முறிய வேண்டுமானால் எதிலாவது நசுங்க வேண்டும். மாப்பிள்ளை, தங்களைக் குறை சொல்லவில்லை. உங்களிடம் அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வசு, யார் உன் கையை நசுக்கியது? எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இடது கையாலாவது இரண்டு வரி எழுது.

சியாமளா


டொரண்டோ
28-9-1975

அன்புள்ள அக்கா,

விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மற்றபடி நலம்.

அந்த நர்ஸின் பெயர் வசுமதி.

குழந்தையைச் சேர்த்த அன்று எல்பாவிடம் "இது என்ன?" என்று முதுகைக் காட்டிக் கேட்டது நான்தான். மனுவேல் துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றார். எல்பா "வென்டோசா, வென்டோசா" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை என்று கண்டு, மேசையிலிருந்த தம்ளரை எடுத்தாள். தீக்குச்சி உரசுவதுபோல் காட்டி, உள்ளே சுழற்றி, தம்ளரைத் தன் கையில் கவிழ்த்து, ஒட்டிக்கொண்டதை இழுப்பதுபோல் எடுத்தாள். வாயால் 'ப்ளக்' என்று சத்தம் வேறு கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் காட்டினாள், அக்கா. குழந்தையின் மார்ச்சளிக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்போதே எனக்கு அம்மாவின் சொம்பு ஞாபகம் வந்தது. தோலையும் தொட்டுப் பார்த்தேன். முழுசாக, வழுவழுப்பாக இருந்தது. நீ கேட்ட எல்லாம் எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

மனுவேல் சொன்னார்: "தீ என்கிறாள். எரித்தேன் என்கிறாள். முதுகு என்கிறாள்."

ஹெட் நர்ஸ் என்னைப் பார்த்தாள். "உங்கள் பக்கத்திலெல்லாம் இது வழக்கமா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் எழுது."

எழுதினேன். ஏன் என்று இத்தனை மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் பயந்து என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அது இல்லை. எல்பாவின் தலையில் எண்ணெய் வழிந்தது, கையில் புகை நாற்றம் அடித்தது, சத்தமாகப் பேசினாள். அந்த அறையில் வெள்ளைக்காரி பார்வைக்கு அவளும் நானும் ஒன்றாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு ஒரு மனுஷனின் கண்.

ஜூனில் எல்பாவின் வக்கீல் அவளுக்குக் குறிப்பேட்டின் நகலைக் காட்டியிருக்கிறார். கீழே என் கையெழுத்து. சலவை அறையில் நான் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தாள். என் பெயரைச் சொன்னாள், முழுப் பெயரையும். திரும்புவதற்குள் இயந்திரத்தின் கதவை என் கையின்மேல் அறைந்தாள். மறுபடி மறுபடி. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் இடித்தாள். பிறகு அவளே நிறுத்தி, கீழே உட்கார்ந்து, மூச்சு வாங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தரையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். போலீஸிடம் விழுந்தேன் என்றுதான் சொன்னேன். இவரிடமும்.

அக்டோபர் பதினாலாம் தேதி குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் விசாரணை. ஆஸ்பத்திரி வக்கீல், குறிப்பில் உள்ளதை மட்டும் சொல், மீதியைப் பேசாதே என்கிறார். நான் என்ன செய்ய?

வசு


திண்டுக்கல்
10-10-75

என் வசுவுக்கு,

கை எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இது உன் கைக்கு வருவதற்குள் விசாரணை முடிந்திருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். போகாதே. போனாலும் குறிப்பில் இருப்பதைச் சொல்லிவிட்டு வந்துவிடு. உண்மையைச் சொன்னால் வேலை போகும், இனி எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்க மாட்டார்கள். பொய் எழுதினாள் என்று உன்மீதே வழக்குப் போட்டாலும் போடுவார்கள். அங்கே உனக்கென்று பேச யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் மறுபடி அடித்தால்?

கேட்டுக் கேட்டு உன்னிடமிருந்து வரவழைத்தவள் நான்தான். இப்போது வாயை மூடு என்பவளும் நானே. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கிழித்துப் போட மனமில்லை. நீ என் தங்கை.

சியாமளா


டொரண்டோ
14-12-1975

அன்புள்ள அக்கா,

நானும் இவரும் சுகம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே ஆறு வாரம் தபால்காரர்கள் ஸ்டிரைக். உன் அக்டோபர் கடிதம் போன வாரம்தான் கதவுக்குக் கீழே வந்து விழுந்தது. படித்தேன். கோபமில்லை. எனக்காகத்தான் பயந்தாய்.

நான் போய்ச் சொல்லிவிட்டேன். எல்பா தம்ளரைக் கவிழ்த்துக் காட்டியதை நீதிபதிக்கு முன்னால் நானும் காட்டினேன். "தெரிந்தே தவறாக எழுதினீர்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். பின் வரிசையில் ஆஸ்பத்திரி வக்கீல் தன் பையை மூடும் சத்தம் கேட்டது. மறுநாளே வேலை போயிற்று. நர்ஸ் பதிவை என்ன செய்வார்களென்று ஜனவரியில் தெரியும். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

நவம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. குழந்தையை அப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். ராமிரோவும் சிறையிலிருந்து வந்துவிட்டான். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் எல்பா. என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவள் உள்ளே வரவில்லை.

"உனக்கு ஸ்பானிஷ் வருமாமே."

"கொஞ்சம்."

"கீழே வா. என் மகள் பேசுவது எனக்குப் புரியவில்லை."

ஒன்பதாவது மாடிக்குப் போனேன். ராமிரோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கன்னம் ஒருபக்கம் உள்வாங்கியிருந்தது. ரோசியோ சமையலறை மேசைக்கு அடியில் இருந்தாள். பத்து மாதத்தில் அவளுக்கு ஸ்பானிஷ் சுத்தமாக மறந்துவிட்டது, அக்கா. இங்கிலீஷ்தான் பேசுகிறாள், மார்க்கம் வீட்டு இங்கிலீஷ். ஒன்பது நாளாக அந்த வீட்டில் அம்மா ஒரு பாஷையில் அழுகிறாள், மகள் ஒரு பாஷையில் அழுகிறாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். முதலில் என்னைப் பார்த்து ஒரு முட்கரண்டியை வீசினாள். நெற்றியில் பட்டது. பிறகு பேசினாள்.

"அந்த ஆன்ட்டியிடம் சொல்லு. என் முதுகைத் தொட வேண்டாம்னு சொல்லு. நான் சமத்தா இருக்கேன். என்னை மம்மிகிட்டே கொண்டுவிடச் சொல்லு."

எல்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்கிறாள்? பசிக்கிறதாமா?"

பசிக்கிறது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். ஆன்ட்டி என்றதை, முதுகு என்றதை, மம்மி என்றதை. எனக்குத் தெரிந்த அந்தக் குறைப் பாஷையில், ஒவ்வொன்றாக.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பார்த்தேன், தையல் தழும்புகளோடு எழுந்த கை. அதை அப்படியே அடக்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"தொட மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

அதையும் சொன்னேன்.

கிளம்பும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்கும் வா" என்று மட்டும் சொன்னாள். ஒரு வாரமாகத் தினமும் மூன்று மணிக்குப் போகிறேன். குழந்தை இன்னும் மேசைக்கு அடியில்தான் சாப்பிடுகிறது. நான் போனால் ராமிரோ இன்னும் ஜன்னல் பக்கம்தான் திரும்பிக்கொள்கிறான்.

மணி இரண்டே முக்கால் ஆகிறது. அத்தானுக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வசு